எதிர்வீட்டுச் சத்தம்

பார்த்தீங்களா சார், முன் சீட்டுப் பையன் போன்ல பாட்டைக் குறைச்சுட்டான். நீங்க கேட்டப்ப முறைச்சான். நான் போய் ஒரு வார்த்தை சொன்னதும் குறைச்சுட்டான். பெரிசா ஒண்ணும் சொல்லலை. "தம்பி, பின்னாடி சீட்டுல ஒரு அம்மா காதுல ஆபரேஷன் பண்ணிட்டு வர்றாங்க, அழுவுறாங்க"ன்னேன். அப்படி ஒரு அம்மாவும் இல்ல. சத்தத்தைக் குறைன்னு சொன்னா ஒருத்தனும் குறைக்க மாட்டான் சார். குறைக்கிறதுக்கு அவனுக்கு ஒரு காரணம் கொடுக்கணும். அவன் நல்லவன்னு அவனுக்கே தோணணும். அப்ப குறைப்பான்.

எனக்கு இதுதான் தொழில். சிரிக்காதீங்க, நெஜமாவே இதுதான். பேரு வேதாசலம். சாலிகிராமத்துல சினிமா யூனிட்ல போய்க் கேட்டீங்கன்னா 'சைலன்ஸ்' வேதான்னு சொல்லுவாங்க. இருபத்தாறு வருஷமா ப்ரொடக்‌ஷன்ல இருக்கேன். மத்தவன் சாப்பாடு பார்ப்பான், வண்டி பார்ப்பான். நான் சத்தம் பார்ப்பேன்.

எல்லாப் படத்துக்கும் நான் தேவைப்பட மாட்டேன். சாதாரணமா என்ன பண்ணுவாங்க, எடுக்கும்போது என்ன சத்தம் வேணா இருக்கட்டும்னு எடுத்துட்டு, அப்புறம் சென்னையில ஏசி ரூம்ல உட்கார்ந்து டப்பிங் பேசிடுவாங்க. நடக்குற சத்தம், கதவு சத்தம், டம்ளர் வைக்கிற சத்தம்கூட அங்க தனியா ஒருத்தர் பண்ணுவார். ஆனா சில டைரக்டருங்க அப்படி வேண்டாம்பாங்க. நடிக்கிறவங்க அந்த இடத்துல, அந்த நிமிஷம் பேசினதையே அப்படியே எடுக்கணும்பாங்க. அவங்களுக்குத்தான் நான். கேமரா ஓடுறப்போ சுத்துவட்டாரத்துல ஒரு பொட்டுச் சத்தம் இருக்கக் கூடாது. மைக் இருக்கே சார், அது நம்ம காது மாதிரி இல்ல. நமக்கு விழாததெல்லாம் அதுக்கு விழும். நாலாவது வீட்டுல மிக்ஸி போட்டா விழும். அதையெல்லாம் ஒவ்வொண்ணாப் போய் நிறுத்துறது என் வேலை. சண்டை போட்டு நிறுத்துறவன் இல்ல நான். பேசியே நிறுத்துவேன்.

ரொம்பக் களைப்பா இருக்கு சார் இன்னைக்கு. நீங்க தூங்கணும்னா தூங்குங்க. மதுரை வர இன்னும் மூணு மணி நேரம் ஆகும். இல்ல, முழிச்சுதான் இருப்பீங்கன்னா சொல்றேன். யார்கிட்டயாவது சொல்லணும் போல இருக்கு.

ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு படம். இதே தென்காசிப் பக்கம், கடையநல்லூர் தாண்டி உள்ள போகணும். ஒரு தெரு. பழைய வீடு ஒண்ணு டைரக்டருக்குப் பிடிச்சுப் போச்சு. கதை என்னன்னா, கல்யாணமாகிப் போன பொண்ணு அப்பா செத்த பிறகு அந்த வீட்டுக்குத் திரும்பி வருது. வந்து தனியா இருக்குது. பேச்சே கம்மி. மூச்சு விடுறது, அழுவுறது, துடைப்பத்தால பெருக்குறது, இதுதான் படம். அப்படின்னா எனக்கு எவ்வளவு வேலைன்னு பார்த்துக்கங்க.

முப்பத்திரண்டு நாள். பங்குனி, சித்திரை. டேக் ஓடும்போது ஃபேன்கூடப் போடக் கூடாது. அந்த வெயில்ல எல்லாரும் நனைஞ்ச கோழி மாதிரி நிப்போம். நான் போய் இறங்கின மறுநாளே மாவு மில்லுக்காரரைப் பார்த்தேன். காலையில பத்துக்குள்ள அரைச்சு முடிச்சுடுறேன்னு ஒத்துக்கிட்டார். கோயில்ல ரேடியோ செட் குழாயை மேற்கே பார்த்துத் திருப்பி வைக்கச் சொன்னேன். வீடு வீடாப் போய் குக்கர் விசிலை எட்டு மணிக்குள்ள முடிச்சுக்கங்கம்மான்னு சொன்னேன். காக்காய்க்கு ரெண்டு தெரு தள்ளி சோறு வச்சேன். அதுங்ககூட என் பேச்சைக் கேட்டுது. மயில் மட்டும்தான் கேட்கலை. மலையடிவாரம் இல்லையா, நினைச்சப்பக் கத்தும். மயிலுக்கு நான் யார்கிட்டப் போய்ப் பேசுறது?

எல்லாம் அடங்கிடுச்சு. ஒரே ஒரு சத்தம் மட்டும் பாக்கி. நேர் எதிர் வீடு.

பதினைஞ்சு அடி இருக்கும் தெரு அகலம். எதிர்ல சின்ன ஓட்டு வீடு. ஜன்னலை ஒட்டி ஒரு கட்டில். கட்டில்ல பூல்பாண்டின்னு ஒருத்தர். கேரளாவுக்குக் காய்கறி லோடு ஓட்டினவராம். நாங்க போறதுக்கு ஒரு வருஷம் முன்னாடி செங்கோட்டை தாண்டி வண்டி ஓட்டும்போதே கையும் காலும் இழுத்துக்கிச்சு. எப்படியோ வண்டியை ஓரம் கட்டியிருக்கார். ஆனா வலது பக்கம் போச்சு, பேச்சும் போச்சு. "ஏ... ஏ..."ன்னு ஒரு சத்தம் மட்டும் வரும். அதுதான் அவருக்குக் கூப்பிடுறது. பொண்டாட்டி கண்ணுல படலைன்னா கூப்பிடுவார். கன்னைத் தேடுற மாடு கூப்பிடுற மாதிரி, விட்டு விட்டு, விடாம.

அந்த அம்மாவைத் தெருவுல கனின்னு கூப்பிடுவாங்க. சின்னவங்க கனியக்காம்பாங்க. நான் கனியம்மான்னு கூப்பிட்டேன். நாப்பத்தஞ்சு வயசு இருக்கும். பீடி சுத்துவாங்க. அந்தப் பக்கம் பாதிப் பொம்பளைங்களுக்கு அதுதான் வேலை. மடியில தட்டை வச்சுக்கிட்டு இலையும் தூளுமா, கை பாட்டுக்கு ஓடிக்கிட்டிருக்கும், கண்ணு நம்மளைப் பார்க்கும். வியாழக்கிழமை வியாழக்கிழமை சுத்தின பீடியைக் கடையில கொண்டுபோய்க் கொடுத்துட்டு இலை வாங்கிட்டு வருவாங்க. பிள்ளைங்க இல்ல.

முதல் நாள் போய் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னேன். தயங்கினாங்க.

"அண்ணாச்சி, நான் என்ன செய்ய? டாக்டரு, அவுக வாயில என்ன வருதோ வரட்டும், கூப்பிட விடுங்கன்னு சொல்லியிருக்காரு. தடுக்கக் கூடாதாம். கத்திக் கத்தித்தான் ஒருநாள் பேச்சு வருமாம்."

"அதெல்லாம் வரும்மா, வராமப் போகாது. நான் என்ன நாள் பூராவா சொல்றேன்? டேக் ஓடுற ரெண்டு நிமிஷம், மூணு நிமிஷம். அப்ப மட்டும் அவர் பக்கத்துல உட்காருங்க. நீங்க பக்கத்துல இருந்தா அவர் எதுக்குக் கூப்பிடப் போறார்?"

கொஞ்சம் யோசிச்சாங்க. "படத்துல அந்தப் பிள்ளை அழுமோ?"ன்னு கேட்டாங்க.

"ஆமா, அப்பா செத்துப் போறார்ல."

"பாவம்"னாங்க. ஒத்துக்கிட்டாங்க. அவ்வளவுதான் சார். சொன்னேன்ல, நல்லவங்கன்னு அவங்களுக்குத் தோணணும். இவங்க நெஜமாவே நல்லவங்க. அதனால எனக்கு வேலை இன்னும் சுலபம்.

அப்புறம் ஒரு ஏற்பாடு. நான் ஷூட்டிங் வீட்டு வாசல்ல நிப்பேன். டேக்னு உள்ள குரல் கொடுத்ததும் பச்சைத் துண்டை ஆட்டுவேன். கனியம்மா அடுப்பை அப்படியே விட்டுட்டு ஓடிவந்து கட்டில்ல உட்காருவாங்க. அவர் இவங்க முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிப்பார். 'கட்' சொன்னதும் திரும்ப ஆட்டுவேன். எழுந்து போவாங்க. ஒரு நாளைக்கு முப்பது தடவை, நாப்பது தடவை. ஒருநாள்கூட முகம் சுளிக்கலை. எனக்கும் மத்தியானம் மோர் கொடுப்பாங்க. "அண்ணாச்சிக்கு வெயில்ல நின்னு முகம் கறுத்துப் போச்சு"ம்பாங்க. என் வீட்டுல ஒருத்தரும் அப்படிச் சொன்னதில்ல. என் சம்சாரம் என்ன சொல்லுவான்னா, உங்களுக்கு நான் பேசுறது மட்டும் காதுல விழாது, ஊர்ச் சத்தமெல்லாம் விழும்பா. அது வேற கதை.

ஒன்பதாவது நாள் வந்துச்சு. வியாழக்கிழமை.

அன்னைக்குத்தான் பெரிய சீன். அந்தப் பொண்ணு முற்றத்துல உட்கார்ந்து முதல் தடவையா அழணும். நடிகை பம்பாய்க்காரங்க. நாலு நாளா அதுக்காக யார்கூடயும் பேசாம இருந்தாங்க. காலையில கனியம்மா என்கிட்ட வந்து, "அண்ணாச்சி, கடைக்குப் போயிட்டு ஒரு மணி நேரத்துல வந்துருதேன். அவுகளுக்குக் கஞ்சி கொடுத்துட்டேன், தூங்குதாக"ன்னாங்க. சீன் பன்னெண்டு மணிக்குத்தான்னு எனக்குச் சொல்லியிருந்தாங்க. சரி போயிட்டு வாங்கன்னேன். அவங்க தெருமுனை தாண்டினதும் டைரக்டர், வெளிச்சம் நல்லா இருக்கு, இப்பவே எடுக்கலாம்னுட்டார்.

நான் தெருவோட அந்தக் கோடியில நின்னேன், ஒரு டிராக்டர் வர்றதா இருந்துச்சு, அதை மறிக்கிறதுக்கு. முதல் டேக் போச்சு. ரெண்டாவது டேக் போச்சு. மூணாவதும் போனதும் உள்ளேர்ந்து ஆள் ஓடி வந்தான், டைரக்டர் கூப்பிடுறார்னு.

உள்ள போனா எல்லாரும் என்னையே பார்க்குறாங்க. சவுண்ட் ரெக்கார்டிஸ்ட் ஜோஷி, கேரளாக்காரர், தங்கமான மனுஷன், ஹெட்போனைக் கழட்டிக் கழுத்துல போட்டுக்கிட்டு இருக்கார்.

"வேதா, வெளியில யாரோ கூப்பிடுறாங்க."

"எதிர் வீடா சார்? அந்த ஏ... ஏ...?"

"இல்ல. இது வார்த்தை. 'செல்லா'ன்னு கூப்பிடுறாங்க. மூணு டேக்லயும் இருக்கு. மெதுவாதான், ஆனா சுத்தமா வருது. செல்லா."

டைரக்டர் கையில இருந்த பேப்பரைத் தூக்கிச் சுவத்துல அடிச்சார். அந்த நடிகை முகத்தை மூடிக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க, அழுகை நிக்கலை. மேனேஜர் தாமோதரன் என்னை ஓரமாக் கூப்பிட்டு, "இன்னொரு தடவை இப்படி ஆச்சு, நீ சென்னைக்கு வண்டி ஏறிடு. உன்னை வேற எதுக்கு வச்சிருக்கு?"ன்னார்.

இருபத்துநாலு வருஷத்துல என்னை யாரும் அப்படிக் கேட்டதில்ல சார்.

தெருவுக்கு ஓடினேன். ஒவ்வொரு வீடாக் கதவைத் தட்டி, "இங்க செல்லான்னு யாரு? யாரு கூப்பிட்டது?"ன்னு கேட்டேன். எல்லாரும் உதட்டைப் பிதுக்குறாங்க. "அப்படி ஒருத்தரும் இல்லியே அண்ணாச்சி." கடைசி வீட்டுல ஒரு பாப்பா மட்டும், அவங்க வீட்டு ஆட்டுக்குட்டி பேரு செல்லம்னு சொல்லுச்சு. எனக்கு உயிரே வந்துது. அதுதான், ஆட்டைத்தான் யாரோ கூப்பிட்டிருக்காங்கன்னு முடிவு பண்ணி, அந்த ஆட்டை அடுத்த தெருவுக்கு ஓட்டிட்டுப் போகச் சொன்னேன்.

திரும்பி வரும்போது எதிர் வீட்டு ஜன்னலைப் பார்த்தேன். பூல்பாண்டி முழிச்சுக்கிட்டு இருந்தார். கம்பியை இடது கையால பிடிச்சுக்கிட்டு, என்னைப் பார்த்து வாயைத் திறந்து திறந்து மூடுறார். முகமெல்லாம் வேர்வை. அடுத்து எங்கே அவரும் "ஏ"ன்னு ஆரம்பிச்சுடப் போறாரோன்னு நான் ஜன்னல்கிட்டப் போய், உதட்டுல விரலை வச்சு, "உஷ்"னேன். கெஞ்சித்தான் சார் சொன்னேன், மிரட்டலை. "அண்ணே, என் பொழப்பு அண்ணே, கொஞ்ச நேரம்"னேன். என்னையே பார்த்தார். வாயை மூடிக்கிட்டார். அப்புறம் திறக்கவே இல்ல. நாலாவது டேக் ஓகே ஆயிடுச்சு.

அன்னைக்கு மத்தியானம் சாப்பிடும்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்துச்சு. கனியம்மா வந்ததும் சொன்னேன். நல்ல கயிறு ஒண்ணு, நூல் கயிறுதான், உறுத்தாது. ஒரு முனையை அவர் இடது கையில கட்டுறது. இன்னொரு முனையைக் கனியம்மா மணிக்கட்டுல. அடுப்படி வரைக்கும், பின்வாசல் வரைக்கும் நீளம். அவருக்கு ஏதாவது வேணும்னா வாயால கூப்பிட வேண்டாம், இழுத்தாப் போதும். இவங்களும் நாப்பது தடவை ஓடிவந்து உட்கார வேண்டாம். வியாழக்கிழமை பீடியைப் பக்கத்து வீட்டுப் பொண்ணு கொண்டுபோய்க் கொடுத்துடும். எல்லாருக்கும் வசதி.

"டாக்டரு கூப்பிட விடச் சொன்னாரே"ன்னு மறுபடியும் ஆரம்பிச்சாங்க.

"ஷூட்டிங் முடியுற வரைக்கும்தாம்மா. இன்னும் இருபத்திமூணு நாள். அப்புறம் அவர் எவ்வளவு வேணா கூப்பிடட்டும்."

ஜோஷிக்குக்கூட அந்தக் கயிறு யோசனை பிடிச்சிருந்துச்சு. யூனிட்ல எல்லாரும் வந்து பார்த்துட்டுப் போனாங்க. முதல் ரெண்டு நாள் இழுத்துக்கிட்டே "ஏ"ன்னும் சொன்னார். நான் ஜன்னல்கிட்டப் போய் விரலை வச்சுக் காட்டுவேன், சரி பண்ணிப்பார். மூணாவது நாள்லேர்ந்து சத்தமே இல்ல. கயிறு மட்டும்தான். கடைசி நாள் டைரக்டர் எல்லார் முன்னாடியும் என் தோளைத் தட்டி, "வேதா இல்லன்னா இந்தப் படம் இல்ல"ன்னார்.

இனிமேதான் கேளுங்க. படம் ரிலீஸ் ஆச்சு. நான் வடபழனியில போய்ப் பார்த்தேன். அந்த முற்றத்து சீன் வருது. நான் காதைத் தீட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். வயலின் சார். ஆரம்பத்துலேர்ந்து முடிவு வரைக்கும் வயலின். அந்தப் பொண்ணு அழுவுறது தெரியுது, கேட்கலை. விசாரிச்சா, தயாரிப்பாளர் பார்த்துட்டு, என்னப்பா இவ்வளவு அமைதியா இருக்கு, ஜனங்க எழுந்து போயிடுவாங்கன்னு மியூசிக் போடச் சொல்லிட்டாராம். நடிகைக்குத் தமிழ் சரியில்லன்னு வசனம் பூராவும் வேற பொண்ணு டப்பிங். துடைப்பம் பெருக்குற சத்தம்கூட சென்னையில பண்ணினது. முப்பத்திரண்டு நாள் நான் பிடிச்சு வச்ச அமைதி, ஒரு நிமிஷம்கூட அந்தப் படத்துல இல்ல.

மாவு மில்லை நிறுத்தியிருக்க வேண்டாம். அந்த அம்மா அத்தனை தடவை ஓடி வந்திருக்க வேண்டாம். சொல்லிக்கிட்டே போகலாம். யார்கிட்டப் போய்க் கேட்கிறது?

கனியம்மாவுக்கு நடுவுல மூணு நாலு தடவை போன் பண்ணினேன். எடுக்கலை. எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். அவ்வளவு பழகினோமேன்னு.

இப்ப புதுசா ஒரு வெப் சீரிஸ். அதே வீடு கேட்குறாங்க, இருபது நாள். அதுவும் நேரடிச் சத்தம்தான். தாமோதரன்தான் மேனேஜர். "முதல்ல நீ போய் எதிர் வீட்டைச் சரி பண்ணிட்டு வா"ன்னு அனுப்பினார். இன்னைக்குக் காலையில பதினோரு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன்.

தெரு அப்படியேதான் இருக்கு. கனியம்மா வாசப்படியில உட்கார்ந்து பீடி சுத்துறாங்க. முடி நல்லா வெளுத்துடுச்சு. என்னைப் பார்த்ததும், "வாங்க அண்ணாச்சி"ன்னாங்க. கோபமெல்லாம் இல்ல. போன் தண்ணியில விழுந்து கெட்டுப் போச்சாம், நம்பரு மாறிடுச்சாம். நான்தான் என்னென்னமோ நினைச்சுக்கிட்டேன்.

அவங்க மணிக்கட்டைப் பார்த்தேன். கயிறு இருந்துச்சு.

"என்னம்மா, இன்னும் கட்டியிருக்கீங்க?"ன்னு கேட்டேன். உள்ளுக்குள்ள எனக்குச் சந்தோஷம்தான், பரவாயில்ல, நாம கண்டுபிடிச்சது இவங்களுக்கு உபயோகமா இருக்குதேன்னு.

"நீங்க போன மறுநாளே அவுத்துட்டேன் அண்ணாச்சி. இனிமே கூப்பிடுங்கன்னு சொன்னேன். அவுக கூப்பிடல. ரெண்டு நாளாச்சு, தண்ணி வேணும்னாக்கூடக் கேக்கல. நாக்கு வறண்டு கெடந்தாக. படுத்த இடத்துல ஈரமாகிக் கெடந்துருக்காக, ஒரு சத்தம் போடல. பயந்துபோயி மறுபடியும் கட்டிட்டேன்."

"ஏ... ஏ...ன்னு சொல்லுவாரே?"

"அதுவும் இல்ல. இன்னைய வரைக்கும் இல்ல."

"வசதியாத்தானே இருக்கு?"ன்னு கேட்டுட்டேன். ஏன் அப்படிக் கேட்டேன்னு இப்ப வரைக்கும் தெரியலை.

"வசதிக்கு என்ன, வசதிதான்"னாங்க. கை ஓடிக்கிட்டே இருக்கு. "டாக்டருகிட்டக் கூட்டிட்டுப் போனேன். அவரு சொன்னாரு, இந்த மாதிரி ஆளுகளுக்குப் பேச்சு திரும்புச்சுன்னா, முதல்ல ரொம்ப நாள் கூப்பிட்டுப் பழகின பேருதான் வருமாம். அதுக்காகத்தான் கூப்பிட விடச் சொன்னதாம். நானும் பாத்துக்கிட்டேதான் இருந்தேன், ஒருநாளாவது செல்லான்னு வந்துராதான்னு."

"யாரு செல்லா?"

"நான்தான். செல்லக்கனில்லா என் பேரு. ஊருக்கெல்லாம் கனி. அவுக மட்டுந்தான் செல்லான்னு கூப்பிடுவாக. அதுவும் வீட்டுக்குள்ள, ஆளு இல்லாதப்ப."

சார், நான் அந்தப் படியிலயே உட்கார்ந்துட்டேன்.

சொல்லாம எழுந்து வந்திருக்கலாம். அவங்களுக்கு ஒண்ணும் தெரியப் போறதில்ல. நான் எத்தனையோ விஷயத்தைச் சொல்லாம வந்தவன்தான். ஆனா வாய் நிக்கலை. சொல்லிட்டேன். அன்னைக்கு நீங்க கடைக்குப் போயிருந்தீங்க, மைக்ல யாரோ செல்லான்னு கூப்பிட்டது விழுந்துச்சு, நான் ஆடுன்னு நினைச்சேன்னு.

கை நின்னுடுச்சு. அவங்க கை நின்னு நான் இன்னைக்குத்தான் பார்த்தேன்.

"என்னைக்கு?"

"ஒன்பதாவது நாளும்மா. வியாழக்கிழமை. பத்தரை மணி இருக்கும்."

"எத்தன தடவ கூப்பிட்டாக?"

"மூணு டேக்லயும் விழுந்துச்சுன்னு சொன்னாங்க."

"மூணு தடவயா?"

நான் தலையை ஆட்டினேன்.

"நீங்க கேட்டீங்களா?"

"இல்லம்மா. நான் தெருக்கோடியில இருந்தேன். ஹெட்போன் போட்டிருந்தவருக்குத்தான் கேட்டுது."

"அது இருக்குமா அண்ணாச்சி? அந்த ரெக்கார்டு?"

"கெட்டுப் போன டேக்கையெல்லாம் அழிச்சுடுவாங்கம்மா."

தட்டை எடுத்துக் கீழ வச்சாங்க. மடியில இருந்த தூளைத் தட்டிவிட்டாங்க. உள்ள போனாங்க. நானும் பின்னாடியே போனேன். பூல்பாண்டி அதே கட்டில்ல, ஜன்னல் பக்கம். உடம்பு பாதியாயிடுச்சு. இவங்க போய்ப் பக்கத்துல உட்கார்ந்து, முதல்ல தன் கையில இருந்த முடிச்சை அவுத்தாங்க. அப்புறம் அவர் கையில இருக்கிறதை. ரெண்டு வருஷத்து முடிச்சு, நகத்தால கீறிக் கீறி அவுத்தாங்க. கயித்தைச் சுருட்டி ஜன்னலுக்கு வெளியில போட்டாங்க.

"இங்க பாருங்க. நீங்க கூப்பிட்டது எனக்குத் தெரியும். கடைக்குப் போயிருந்தேன், அதான் வரல. இப்ப வீட்டுலதான் இருக்கேன். கூப்பிடுங்க. செல்லான்னு கூப்பிடுங்க."

அவர் இடது கையைத் தூக்கினார் சார். காத்துல எதையோ பிடிக்கிற மாதிரி விரலை மடக்கி இழுத்தார். ஒண்ணும் வரலைன்னதும் மெத்தையில தடவினார். போர்வைக்கு அடியில தடவினார். அவ்வளவு நேரமும் வாய் மூடியே இருக்கு. அப்பத்தான் தலையைத் திருப்பினார், வாசப்பக்கம் நின்ன என்னைப் பார்த்தார். பார்த்ததும் தேடுறதை நிறுத்திட்டார். கையைக் கொண்டுபோய்த் தன் உதட்டு மேல வச்சுக்கிட்டார். ஒரு விரலை.

நான் அப்ப என்ன பண்ணியிருக்கணும்னு நீங்க சொல்லுங்க. "பேசுங்கண்ணே, இப்ப ஷூட்டிங் இல்லண்ணே"ன்னேன். என் குரல் கேட்டதும் விரலை இன்னும் அழுத்திக்கிட்டார்.

கனியம்மா திரும்பிப் பார்த்தாங்க. திட்டுவாங்கன்னு நினைச்சேன். திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். மெதுவா, மோர் வேணுமான்னு கேட்கிற மாதிரி அதே குரல்ல சொன்னாங்க: "நீங்க கெளம்புங்க அண்ணாச்சி. நீங்க இங்க இருந்தா அவுக பேச மாட்டாக. உங்களப் பாத்தாச் சும்மா இருக்கணும்னு பழகிட்டாக."

கெளம்பிட்டேன். சாயங்கால வண்டிக்கு வர்றதா இருந்தது. மத்தியான வண்டிக்கே வந்துட்டேன். பஸ் ஸ்டாண்டுல நிக்கும்போது தாமோதரன் போன் பண்ணினார்.

"என்னய்யா, பேசிட்டியா?"

"சார், அந்த வீடு நமக்குச் சரிப்படாது. வேற பாருங்க."

"ஏன்? எதிர் வீடா? ஒத்துக்க மாட்டேங்குறாங்களா?"

"நான் கேட்கலை சார். கேட்டாலும் பிரயோஜனம் இல்ல. அந்தச் சத்தத்தை நிறுத்த முடியாது."

"முடியாதுன்னு நீ சொல்ற? அந்த ஆள் ஏ... ஏ...ன்னுதானே கத்திக்கிட்டு இருந்தாரு. போன தடவை அடக்கினியே. இப்ப என்ன, பேச ஆரம்பிச்சுட்டாரா?"

போனைக் காதுலேர்ந்து எடுத்துப் பார்த்தேன். ஹலோ ஹலோன்னு கத்துறார்.

"ஆமா சார், பேசுறார்"னு சொல்லிட்டேன்.